தீபாவளிப் பலகாரம் கொடுக்க வரமாட்டேன் என்கிற பிள்ளையை அழைத்துப் போவது எப்படி?

பலகாரம் சுடுவது பற்றி இங்கே எதுவும் இல்லை. வீட்டில் செய்ததோ கடையில் வாங்கியதோ, கையில் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், பிள்ளை கட்டிலைவிட்டு இறங்க மறுக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

1. பட்டியல்

முதல் முறை எட்டுப் பெட்டிக்கு மேல் வேண்டாம். பக்கத்து வீடுகள், பூக்கார அம்மா, தெரு கூட்டும் தூய்மைப் பணியாளர், வாட்ச்மேன். வாட்ச்மேன் என்றால் பகல், இரவு என இரண்டு பேர். இரவுக்காரரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பட்டியலைப் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதவிடுங்கள். ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கட்டும். ‘வாட்ச்மேன்’ என்று எழுதாமல் ‘முருகன் அண்ணா’ என்று எழுத வேண்டுமென்றால், முந்தின வாரமே பெயரைக் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

2. பெட்டி

ஒரு பெட்டிக்கு: தேன்குழல் 4, அதிரசம் 2, லட்டு 2, மிக்சர் 100 கிராம். எட்டுக்குக் கணக்குப் போட்டால் 32, 16, 16, 800 கிராம். ஒரு கிலோ அளவு அட்டைப்பெட்டி எடுங்கள். அரைக் கிலோ பெட்டியில் திணித்தால் தேன்குழல் நொறுங்கும். அதிரசத்துக்கு அடியில் பட்டர் பேப்பர் போடாவிட்டால் எண்ணெய் அட்டையில் இறங்கிப் பிள்ளையின் புதுச்சட்டை வரை வரும். முறுக்கு வகையைத் தனி உறையில் போடுங்கள். இனிப்பின் ஈரம் பட்டால் மத்தியானத்துக்குள் நமுத்துவிடும்.

எவர்சில்வர் டப்பாவில் கொடுக்காதீர்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். கொடுத்த டப்பா வாங்கியவருக்குக் கடனாகிவிடும். பணியாளர்களுக்குத் தனியாக மலிவுப் பெட்டி போடுவதையும் விடுங்கள். எல்லாம் ஒரே பெட்டியாக இருக்கட்டும். வித்தியாசத்தைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்து, வாசலில் வைத்தே சத்தமாகக் கேட்பார்கள்.

தூக்கிப் போக ஒயர் கூடைதான் சரி. அடி தட்டையாக இருப்பதால் பெட்டி சாயாது. மஞ்சப்பையில் நாலாவது வீட்டுக்குள் லட்டு உதிர்ந்துவிடும். ஆனால் ஒரு வெறும் மஞ்சப்பையை மடித்து எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பிவரும் பலகாரத்துக்கு.

3. நேரம்

தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசு நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றே அறிவிக்கப்பட்டு வருகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளையைக் கூப்பிட்டால் நீங்கள்தான் எதிரி. எண்ணெய்க் குளியல், பட்டாசு, இட்லி எல்லாம் முடிந்து எட்டரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஜரிகை கழுத்தில் உறுத்தினால் உள்ளே பருத்தி பனியன் போடுங்கள். வாசலுக்கு வாசல் கழற்ற வேண்டியிருக்கும், அதனால் வார் இல்லாத செருப்பு.

4. வாசல்

பெரும்பாலோர் தோற்கும் இடம் இதுதான். பெட்டி கொடுப்பதில் பிள்ளைக்குத் தயக்கம் இருக்காது. கொடுத்த பிறகு கன்னத்தைக் கிள்ளுவார்கள், “எத்தனாவது ரேங்க்?” என்பார்கள், பாடச் சொல்வார்கள். அதற்குத்தான் பயம். “ஆன்ட்டிக்கு ஹேப்பி தீபாவளி சொல்லு, சொல்லு” என்று முதுகில் தள்ளினால் வாய் இன்னும் இறுகும். பேச்சை நீங்கள் எடுத்துக்கொண்டு வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

ஐந்து வயதுக்குள் என்றால் அழைப்பு மணி அடிப்பது. ஆறிலிருந்து ஒன்பது வரை பெட்டியை இரண்டு கையாலும் நீட்டுவது, பட்டியலில் டிக் போடுவது. அதற்கு மேல் வழியும் வரிசையும் அவர்கள் பொறுப்பு. நீங்கள் பின்னால் போங்கள்.

சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும்: “அம்மா குடுக்கச் சொன்னாங்க, தீபாவளி வாழ்த்துகள்.” முதல் வாசல், பிள்ளைக்கு நன்றாகப் பழகிய வீடாக இருக்கட்டும். நடுவில் ஒளிந்துகொண்டால் பெட்டியை நீங்களே கொடுத்துவிட்டு நகருங்கள். “இவனுக்குக் கூச்சம் ஜாஸ்தி” என்று மட்டும் அவன் எதிரில் சொல்லாதீர்கள். அடுத்த வீட்டில் அதையே சாக்காகப் பிடித்துக்கொள்வான். காலில் விழுவதும் அவர்கள் விருப்பம்.

“உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றால் கூடையைக் காட்டி, “இன்னும் நாலு வீடு இருக்கு” என்று சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. யாராவது பிள்ளை கையில் ஐம்பது ரூபாய் திணித்தால் வாங்குவதா வேண்டாமா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கேள்விகள் வந்த பின் சேர்த்தவை

*துக்க வீடு:* அந்த வருஷம் பண்டிகை இல்லாத வீட்டுக்குக் கொடுக்கலாமா? வழக்கம் வீட்டுக்கு வீடு மாறும். முந்தின நாள் பெரியவர் ஒருவர் போய்க் கேட்டுவிடுவது நல்லது. போவதானால் ‘வாழ்த்துகள்’ வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

*முதியோர் இல்லம்:* தீபாவளியன்று அங்கே இனிப்பு குவிந்துகிடக்கும், பாதிப்பேருக்குச் சர்க்கரை நோயும் இருக்கும். தொலைபேசியில் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் வாழைப்பழத்தோடு போங்கள். தேன்குழலைப் பல் இல்லாதவரிடம் நீட்டாதீர்கள்.

*குழந்தைகள் காப்பகம்:* அங்குள்ள பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில்கூடப் போடாதீர்கள். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. போனைக் கூடைக்குள் போட்டுவிடுங்கள்.

*தூய்மைப் பணியாளர்:* பண்டிகைக்கு மறுநாள் பட்டாசுக் குப்பையோடு மல்லாடிக்கொண்டிருப்பார்கள், பெட்டியை வைக்கக்கூட இடம் இருக்காது. பண்டிகைக்கு முந்தின நாள் காலை, வேலை தொடங்கும்போதே கொடுங்கள். பணம் கொடுப்பதானால் உறையில் போட்டு நீங்கள் கொடுங்கள், பெட்டியைப் பிள்ளை கொடுக்கட்டும்.