கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை நீக்கிய பின்: மறுபடி அட்மிட் ஆகாமல் இருக்க

டிஸ்சார்ஜ் ஆகும்போதே இரண்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கழுத்தைக் கீறி அடைப்பை எடுத்தார்களா, தொடை வழியாக ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழல்) வைத்தார்களா? பிரஷர் எவ்வளவு ஏறினால், எவ்வளவு இறங்கினால் கூப்பிட வேண்டும்?

பிரஷரைக் காலையும் மாலையும் பாருங்கள். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை. குறைந்த ரத்தத்துக்குப் பழகிய மூளைக்குள் திடீரென முழு ஓட்டம் பாய்கிறது. பிரஷரும் ஏறினால் வீக்கம், வலிப்பு, ரத்தக்கசிவு வரை போகும். சிகிச்சை நடந்த பக்கம் கடுந்தலைவலி வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. வீட்டுக்கு வந்து சில நாள் கழித்தும் வரும். மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள்.

கீறிய கழுத்தில் வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால், மூச்சு திணறினால், உடனே ஆம்புலன்ஸ். தாடையோரம் மரத்திருப்பது சகஜம். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரையேறினால் சகஜமல்ல: விழுங்கும் நரம்பு பாதித்திருக்கலாம், நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். 2,502 பேரிடம் நடந்து 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பக்கவாதமும், அறுவை செய்தவர்களுக்கு மாரடைப்பும் கூடுதலாக வந்தன. ஆகவே நெஞ்சுவலியை வாயு என்று தள்ளாதீர்கள்.

ஸ்டென்டில் கதை வேறு. குழாய் பிரியும் இடத்தில்தான் பிரஷரை உணரும் நரம்புமுனைகள் இருக்கின்றன. ஸ்டென்ட் அதை அழுத்த, பிரஷர் கூடிவிட்டதென்று உடம்பு ஏமாந்து நாடியையும் பிரஷரையும் இறக்கிவிடும். எழும்போது கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: ஆஸ்பத்திரியில் நிறுத்திய பழைய பிரஷர் மாத்திரையை, அட்டை மிச்சம் இருக்கிறதே என்று வீட்டில் தொடர்வது.

தொடையில் ரத்தம் வந்தால் படுக்கவைத்து, துளைக்குச் சற்று மேலே 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். நிற்காவிட்டால் ஆம்புலன்ஸ். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் இரண்டும் பொதுவாக 4 வாரமாவது சேர்ந்தே ஓட வேண்டும். பல் பிடுங்கவென்று நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையும்.

தொடை வழியாக அல்லாமல், காறை எலும்புக்கு மேல் கீறி ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கீறிய கழுத்துக்குச் சொன்னதும் ஸ்டென்டுக்குச் சொன்னதும் இரண்டுமே பொருந்தும்.

முகம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, பத்தே நிமிடத்தில் சரியானாலும் கிளம்புங்கள். கடைசியாக நன்றாக இருந்த மணியைக் குறித்துக்கொண்டு போங்கள். அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.