நுனாவுட்ல எம்எல்ஏ ஆயிட்டீங்களா? வேலைய எப்படி பாக்கறதுன்னு ஒரு கைடு

சும்மா ஒரு கற்பனைதான். கனடாவோட வடக்கு ஓரத்துல நுனாவுட்னு ஒரு டெரிட்டரி இருக்கு, 1999 ஏப்ரல் 1ல நார்த்வெஸ்ட் டெரிட்டரிஸ்ல இருந்து பிரிச்சு உருவாக்குனது. பரப்பளவு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை 2021 சென்சஸ்படி 36,858. இந்தியாவுல பாதிக்கு மேல இருக்கற நிலத்துல ஒரு சின்ன டவுன் ஜனத்த தூவி விட்ட மாதிரி. மொத்தம் 25 ஊரு, ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு ரோடே கிடையாது. சபைல 22 சீட்டு. நீங்க கனடா சிட்டிசன், 18 வயசு ஆச்சு, அங்க ஒரு வருஷம் குடியிருந்துட்டீங்க, எலக்‌ஷன்ல நின்னீங்க, குட்டிக்டுக்னு ரொம்ப வடக்கால இருக்கற தொகுதில ஜெயிச்சும் தொலைச்சிட்டீங்க. இப்ப என்ன பண்ணணும்?

முதல்ல கட்சிய மறந்துடுங்க. அங்க கட்சியே இல்ல. 22 பேரும் சுயேச்சைதான், கொறடா கிடையாது, மேலிடம் கிடையாது, யார் சொல்லி கை தூக்கறதுன்னு பாக்கவும் ஆள் இல்ல. எலக்‌ஷன் முடிஞ்சதும் எல்லாரும் தலைநகர் இக்காலுயிட்ல கூடுவாங்க, லீடர்ஷிப் ஃபோரம்னு பேரு. மொதல்ல ஸ்பீக்கர், அப்பறம் பிரீமியர், அப்பறம் மந்திரிங்க, எல்லாத்தையும் மெம்பருங்களே ரகசிய ஓட்டுல தேர்ந்தெடுப்பாங்க. எந்த இலாகா யாருக்குன்றது மட்டும் பிரீமியர் கைல. இதுக்கு கன்சென்சஸ் கவர்ன்மென்ட்னு பேரு, பேர கேட்டுட்டு எல்லாரும் எப்பவும் ஒத்துமையா இருப்பாங்கன்னு நெனச்சுடாதீங்க. 2017 கடைசில பிரீமியரான பால் குவாஸாவ 2018 ஜூன்ல அதே சபைதான் 16க்கு 3னு ஓட்டு போட்டு இறக்குச்சு.

இங்கதான் உங்களோட முதல் முடிவு வருது, மந்திரி ஆகணுமா வேணாமா. ஆசை எல்லாருக்கும் இருக்கும், அது ஓகே. ஆனா மந்திரி ஆயிட்டா கேள்வி நேரத்துல உங்க தொகுதி பிரச்சனைய எழுந்து கேக்க முடியாது, கேபினட் என்ன முடிவு எடுத்தாலும் உள்ள சண்ட போட்டிருந்தாலும் வெளிய வந்து நாங்க எல்லாம் ஒண்ணுன்னு நிக்கணும். சாதா மெம்பரா இருந்தா இந்த தொல்லை இல்ல, அதோட எண்ணிக்கைல எப்பவும் சாதா மெம்பருங்கதான் கேபினட்ட விட ஜாஸ்தி, அதனால அவங்க சேர்ந்து நின்னா மந்திரிங்க கொண்டு வர்ற பில்ல தோக்கடிக்கவே முடியும். முதல் டெர்ம்ல சாதா மெம்பரா இருந்து சபை எப்படி ஓடுதுன்னு கத்துக்கறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன், கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம்.

கப்பல் காலண்டர்

இத மட்டும் படிச்சிட்டு மிச்சத்த விட்டாக்கூட பரவால்ல.

ரோடு இல்ல, ரயில் இல்ல, வருஷத்துல முக்காவாசி கடல் உறைஞ்சு கெடக்கும். சிமெண்ட், மரச்சட்டம், ட்ரக், ஜெனரேட்டர், டீசல் எல்லாமே கோடைல வர்ற கப்பல்லதான் வரணும், சீலிஃப்ட்னு சொல்வாங்க. பெரும்பாலான ஊர்ல துறைமுகம் கிடையாது, கப்பல் தூரத்துல நிக்கும், சரக்க பார்ஜுன்ற தட்டையான படகுல இறக்கி கரைல கொண்டாந்து போடுவாங்க. வடகோடில இருக்கற கிரீஸ் ஃபியோர்ட் மாதிரி ஊருக்கு அந்த சான்ஸ் ரொம்பக் கம்மி, கோடை முடியற சமயத்துல வந்தா உண்டு.

இப்ப இத பட்ஜெட்டோட சேர்த்து பாருங்க. நிதியாண்டு ஏப்ரல் 1ல ஆரம்பிக்குது. தினப்படி செலவுக்கான பெரிய பட்ஜெட் பிப்ரவரி மார்ச்ல குளிர்காலக் கூட்டத்துல வரும். ஆனா கட்டடம், மிஷினுக்கான கேப்பிட்டல் பட்ஜெட் மட்டும் அதுக்கு முன்னாடியே இலையுதிர் காலக் கூட்டத்துல வந்துடும். ஏன் தனியா முன்னாடி? கப்பலுக்காகத்தான். அப்ப பாஸ் பண்ணாதான் குளிர்காலத்துல டெண்டர் விட்டு, வசந்தத்துல சாமான் ஆர்டர் பண்ணி, தெக்க துறைமுகத்துல ஏத்தி, ஆகஸ்ட் செப்டம்பர்ல ஊர்ல இறக்க முடியும். உங்க ஊர் ஸ்கூல சூடாக்க புது பாய்லர் வேணும்னு நீங்க பிப்ரவரில எழுந்து ஆக்ரோஷமா பேசுனா பேப்பர்ல பேர் வரும், பாய்லர் வராது, அந்த வருஷ கேப்பிட்டல் பணம் ஏற்கனவே பிரிச்சாச்சு. அடுத்த இலையுதிர் காலத்துல சேர்த்தா அதுக்கு அடுத்த கோடைல கப்பல்ல வரும், அப்பறம்தான் மாட்டுவாங்க. ஒரு மாசம் தப்புனா ஒரு வருஷம் போச்சுன்றது அங்க பழமொழி மாதிரி இல்ல, நெசமாவே கணக்கு.

அதனால வேலை எப்படின்னா, கேப்பிட்டல் பட்ஜெட் சபைக்கு வர்றதுக்கு முன்னாடியே கமிட்டி ரூம்ல மூடின கதவுக்குள்ள வரைவ காட்டுவாங்க பாருங்க, அங்க பேசணும். சபைல டிவி கேமரா முன்னாடி பேசறது அதுக்கு அப்பறம். சபைக்கு வந்த பிறகு சாதா மெம்பர் ஒரு செலவ குறைக்கவோ நீக்கவோ சொல்லி தீர்மானம் கொண்டு வரலாம், ஆனா கூட்டச் சொல்ல முடியாது, பணம் கேக்கற உரிமை அரசாங்கத்துக்கு மட்டும்தான். நெறைய புது மெம்பருங்க இத தெரிஞ்சுக்கறதுக்குள்ள முதல் வருஷம் ஓடிடும்.

சபைல பேசறது

சபை வட்டமா இருக்கும், நாற்காலிக்கு சீல் தோல் போட்டிருக்கும், செங்கோல் நார்வால்ன்ற திமிங்கலத்தோட கொம்புல செஞ்சது. அழகா இருக்கும், வேடிக்கை பாத்துட்டே உங்க டைம விட்டுடாதீங்க. மெம்பர் ஸ்டேட்மென்ட்டுக்கு இரண்டரை நிமிஷம்தான். முடியலன்னா மிச்சத்த பேச எல்லாரோட சம்மதமும் கேக்கணும், ஒருத்தர் மாட்டேன்னாலும் உக்காரணும். வழக்கமா விட்டுடுவாங்க, ஆனா முந்தின நாள் யார்கிட்டயாவது மொறைச்சிருந்தீங்கன்னா நம்பாதீங்க.

நாலு பாஷை ஓடும், அங்கத்த இனுயிட் ஜனங்களோட பாஷைங்களான இனுக்டிடுட், இனுயின்னாக்டுன், அப்பறம் இங்கிலீஷ், பிரெஞ்சு. மொழிபெயர்ப்பாளருங்க கண்ணாடி ரூம்ல உக்காந்து கூடவே சொல்லிட்டே வருவாங்க. இங்கிலீஷ்ல கடகடன்னு படிச்சீங்கன்னா உங்க ஊர்ல டிவி முன்னாடி உக்காந்திருக்கற பாட்டிக்கு பாதி போய் சேராது, ஓட்டு போட்டதே அந்த பாட்டிதான். மெதுவா பேசுங்க, எழுதி வெச்ச பேச்ச முன்னாடியே மொழிபெயர்ப்பாளருங்களுக்கு ஒரு காப்பி குடுத்துடுங்க. இனுக்டிடுட் தெரியாதுன்னா கத்துக்க ஆரம்பிங்க, குறைஞ்சபட்சம் சபாநாயகர உகாக்டிட்சிஜின்னு கூப்புடறதும் நன்றிக்கு குயன்னாமிக் சொல்றதும்.

கேள்வி கேக்கறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஏன் இன்னும் வீடு கட்டலன்னு கேட்டா மந்திரி அஞ்சு நிமிஷம் பொறுமையா, மரியாதையா, ஒண்ணுமே இல்லாத ஒரு பதில சொல்லிட்டு உக்காந்துடுவார். அதே கேள்விய உங்க தொகுதில இருக்கற ரெசொலூட் ஊருக்கு எத்தன வீடு, எந்த வருஷ சீலிஃப்ட்ல மெட்டீரியல் வருது, டெண்டர் எந்த மாசம்னு கேளுங்க. ஒண்ணு நம்பர் சொல்லணும், இல்ல பாத்து சொல்றேன்னு ஒத்துக்கணும், அப்படி ஒத்துக்கிட்டது ஹான்சார்டுல, அதாவது சபைப் பேச்ச அப்படியே எழுதி வெக்கற அதிகாரபூர்வ பதிவேட்டுல, ஏறிடும். அத கட் பண்ணி ஒரு ஃபைல்ல வெச்சுக்கோங்க, அடுத்த கூட்டத்துல அவர் வார்த்தையவே படிச்சு காட்டுங்க. விரிவான டேட்டா வேணும்னா எழுத்துபூர்வ கேள்வி போடுங்க, பதில் சபைல வெக்கணும். குரல் ஒசத்தறதுக்கு அங்க மரியாதை கம்மி, வெரட்டி வெரட்டி அமைதியா கேக்கறவங்களுக்குத்தான் மந்திரிங்க பயப்படுவாங்க.

இது யார் வேலை

ஊர்ல இருந்து ஃபோன் வந்துட்டே இருக்கும், ராத்திரி பகல் பாக்க மாட்டாங்க, கடைல வரிசைல நிக்கும்போதும் கேப்பாங்க. எதுக்கு யாரப் பிடிக்கணும்னு தெரியலன்னா அலைஞ்சே செத்தீங்க. தண்ணி லாரி வரல, கழிவு டேங்க் ரொம்பிடுச்சுன்னா அது ஊராட்சி, ஹேம்லட்னு சொல்வாங்க, மேயர்கிட்ட பேசணும், மேயர் வேலைல நீங்க மூக்க நுழைச்சா அவர் அடுத்த எலக்‌ஷன்ல உங்களுக்கு எதிரா நிப்பாரு. அரசு வீடு வேணும்னா வெயிட்டிங் லிஸ்ட் ஊர் ஹவுசிங் அசோசியேஷன் கைல, கட்டறது டெரிட்டரியோட ஹவுசிங் கார்ப்பரேஷன். கரண்ட் எல்லா ஊர்லயும் டீசல் ஜெனரேட்டர்ல வருது, அது டெரிட்டரியோட மின் கம்பெனி. சாப்பாட்டு சாமான் மானியம் ஒட்டாவா, அதாவது மத்திய அரசு. வேட்டை சமாச்சாரம்னா ஊர் வேட்டைக்காரர் சங்கத்த கேக்காம வாயே திறக்காதீங்க. நெலம், கனிமம் பெரும்பாலும் இன்னும் மத்திய அரசு கைலதான் இருக்கு, அத டெரிட்டரிக்கு மாத்தற ஒப்பந்தம் 2024 ஜனவரி 18ல கையெழுத்தாச்சு, நடைமுறைக்கு வர்றது 2027 ஏப்ரல் 1.

ரொம்ப வர்ற ஃபோன் மெடிக்கல் ட்ராவல் பத்திதான். பெரிய சிகிச்சைன்னா கிழக்கு பக்க ஜனம் இக்காலுயிட் இல்ல ஒட்டாவாவுக்கு ஃப்ளைட்ல போகணும், நடு பக்கம் வின்னிபெக், மேற்கு பக்கம் யெல்லோநைஃப் எட்மன்டன். நெறைய ஊர்ல பிரசவத்துக்குக்கூட பல வாரம் முன்னாடியே பொண்ணு கெளம்பிப் போய் தனியா காத்துட்டு கெடக்கணும். கூட துணைக்கு ஆள் அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னு அழுதுட்டே ஒருத்தர் பேசுவாங்க, அந்த கேஸ உங்க தொகுதி அசிஸ்டன்ட் அன்னிக்கே எடுத்து பாக்கணும், கூட்டத்துல பேசறதுக்கு ஸ்டோரி கெடைச்சுதுன்னு மட்டும் வெச்சுக்காதீங்க. ஊர் சின்னது, பேர் சொல்லாட்டியும் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

அதே காரணத்தால இன்னொண்ணு, அங்க யாராவது உங்களுக்கு சொந்தமாத்தான் இருப்பாங்க, இல்ல சொந்தத்துக்கு சொந்தமா இருப்பாங்க. மச்சான் கான்ட்ராக்டரா இருந்தா ஓட்டெடுப்புக்கு முன்னாடி மெம்பருங்களோட நேர்மைய கவனிக்கற இன்டெக்ரிட்டி கமிஷனர்கிட்ட எழுத்துல ஆலோசனை வாங்கிடுங்க.

தொகுதிக்கு போறது

உங்க தொகுதில மூணே ஊரு. ஆர்க்டிக் பேல 994 பேர், ரெசொலூட்ல 183, கிரீஸ் ஃபியோர்ட்ல 144, எல்லாம் 2021 கணக்கு. கிரீஸ் ஃபியோர்ட் கனடாவுலயே வடகோடில ஜனம் நிரந்தரமா குடியிருக்கற ஊரு, இக்காலுயிட்ல இருந்து நேர்க்கோட்டுல கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டர். ஆனா நேரா போக முடியாது, ரெசொலூட் போய் அங்க இருந்து ட்வின் ஆட்டர்னு குட்டி விமானம். மலைக்கு நடுவுல இருக்கற குட்டி ரன்வே, காத்து கொஞ்சம் மாறுனா ஃப்ளைட் கிடையாது. ஒரு நாள் ப்ரோக்ராமுக்கு ஒரு வாரத்துக்கு துணி, மருந்து எடுத்துட்டு போங்க, சபை கூடறதுக்கு முந்தின நாள் திரும்பறேன்னு ப்ளான் போட்டா நீங்க சபைல இருக்க மாட்டீங்க. நவம்பர்ல இருந்து ஜனவரி முடிய அங்க சூரியன் எட்டியே பாக்காது, இருட்டுல கூட்டம் போட்டா ஜனம் வராதுன்னு நெனைக்காதீங்க, நல்லா வருவாங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு வரலாறு தெரிஞ்சிருக்கணும். ரெசொலூட்டும் கிரீஸ் ஃபியோர்டும் தானா உருவான ஊர் இல்ல. 1953லயும் 1955லயும் க்யூபெக் வடக்கால இருக்கற இனுக்ஜுவாக்ல இருந்தும் பாண்ட் இன்லெட்ல இருந்தும் குடும்பங்கள கப்பல்ல ஏத்தி கொண்டாந்து இறக்குனாங்க, ரெண்டு வருஷத்துல பிடிக்கலன்னா திரும்ப கூட்டிட்டு போறோம்னு சொன்னாங்க, கூட்டிட்டு போகல. இனுக்ஜுவாக் ஜனத்துக்கு பழக்கமில்லாத இருட்டு, பழக்கமில்லாத வேட்டை. மத்திய அரசு மன்னிப்பு கேட்டது 2010 ஆகஸ்ட்ல. அந்த குடும்பத்து ஆளுங்கதான் உங்க கூட்டத்துல முன் வரிசைல உக்காந்திருப்பாங்க, சர்க்கார் வாக்குறுதின்ற வார்த்தைய அங்க யோசிச்சு எடுங்க.

ஊருக்கு போனதும் ஹால்ல மீட்டிங் போடறதுக்கு முன்னாடி ஊர் ரேடியோ ஸ்டேஷனுக்கு போங்க. ஒரு மணி நேரம் மைக் முன்னாடி உக்காந்தா வீட்ல இருந்தே ஃபோன் பண்ணி கேப்பாங்க, திட்டறதும் லைவ்ல எல்லாரும் கேப்பாங்க. பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு நோட்டுல எழுதுங்க, எழுதறேன்னு வாய்ல சொல்லுங்க. அந்த நோட்டுதான் அடுத்த இலையுதிர் கால கேப்பிட்டல் பட்ஜெட்டுக்கு உங்க லிஸ்ட்டு.

கப்பல் வர்ற வாரம் முடிஞ்சா ஊர்லயே இருங்க. கரைல பார்ஜ் வந்து முட்டும், ஊரே அங்கதான் நிக்கும், நீங்களும் போய் நின்னு கன்டெய்னர எண்ணுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க கேட்ட பாய்லர் அதுல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கமிட்டி கூட்டம் எப்பன்னு ஃபோன் போட்டு கேளுங்க, கேப்பிட்டல் பட்ஜெட்டுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கும்.