கலிஃபோர்னியாவில் வாடகைக் குடியிருப்பைக் காண்டோவாக மாற்றுவது எப்படி?

பத்து வீடுகள் உள்ள ஒரு வாடகைக் கட்டடம் உங்களுடையது, அதைக் காண்டோவாக, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர், பொது இடங்கள் எல்லோருக்கும் சேர்த்து என்ற முறையில், தனித்தனி வீடாக விற்க ஆசைப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுவரைக்கூட இடிக்கப் போவதில்லை, ஆனாலும் சட்டப்படி இது லேஅவுட் போட்டு மனை பிரிக்கிற கணக்குதான். அதனால் நிலத்தைப் பிரிப்பதற்கான மாநிலச் சட்டமான சப்டிவிஷன் மேப் ஆக்ட் உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் சிட்டி பிளானிங் அலுவலகத்துக்குப் போய், மாற்ற அனுமதி உண்டா என்று கேளுங்கள். யாருக்கும் ஒரு டாலர்கூட அதற்கு முன் கொடுக்காதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆறு வீட்டுக்கு மேல் இருந்தால் மாற்றவே முடியாது, அங்கே மாற்ற அனுமதி கொடுக்க வருடாவருடம் நடந்த குலுக்கலையும் 2013இல் நிறுத்திவைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் அந்தப் பகுதியில் காலி வீடுகள் 5 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், வாடகைக்கு வீடு கிடைப்பது இன்னும் கஷ்டமாகிவிடும் என்று சொல்லி மறுக்க இடமுண்டு.

அடுத்தது குடியிருப்பவர்கள். பலர் சர்வேயரைத் தேடித்தான் முதலில் ஓடுகிறார்கள், அது தவறு. சிட்டியின் ஒப்புதலுக்காகக் கொடுக்கும் முதற்கட்ட வரைபடமான டென்டேட்டிவ் மேப் விண்ணப்பம் போடுவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்துமூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அதற்கப்புறம் புதிதாக வாடகைக்கு வருகிறவரிடமும், ஒப்பந்தத்துக்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். யாருக்கு, எந்தத் தேதியில், எப்படிக் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஏனென்றால் பின்னால் சிட்டி கேட்கும்போது இந்த ஆதாரம் இல்லாவிட்டால் மேப் அங்கேயே நின்றுவிடும். நோட்டீஸைக் கதவில் செருகிவிட்டு வராமல் நேரில் உட்கார்ந்து பேசுங்கள் என்பேன். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் வயதான பெற்றோரும் உள்ள வீட்டுக்கு அந்தக் காகிதம் எவ்வளவு பெரிய அதிர்ச்சி!

சரி, இப்போது சர்வேயர். ஐந்து வீடோ அதற்கு மேலோ என்றால் டென்டேட்டிவ் மேப், பிறகு பதிவு செய்யும் இறுதி வரைபடமான ஃபைனல் மேப். நான்கு வரை என்றால் பொதுவாகப் பார்சல் மேப் என்ற எளிய வரைபடம் போதும். பார்க்கிங், தீ பாதுகாப்பு, சுவர் வழியே சத்தம் கேட்பது இவற்றுக்கெல்லாம் ஊருக்கு ஊர் விதி வேறு. பொது விசாரணையில் குடியிருப்பவர்களும் பேசலாம், அதிகாரிகளின் அறிக்கை மூன்று நாள் முன்பே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் வழக்கமாக 24 மாதத்துக்குள் நிபந்தனைகளை முடித்து ஃபைனல் மேப் பதிவாக வேண்டும்.

இதற்கிடையில் வக்கீலை வைத்து, வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தப்போகிற சங்கத்தின் விதிகளை எழுதுங்கள். கூரை ஒழுகினால் யார் செலவு, மாதச் சந்தா எவ்வளவு, பெரிய ரிப்பேருக்கு எவ்வளவு சேமிப்பு என்பதெல்லாம் அதில் வரும். கட்டடத்தின் மேல் மொத்தக் கடன் இருந்தால், விற்கும் ஒவ்வொரு வீட்டையும் அடமானத்திலிருந்து விடுவிக்கப் பேங்க் சம்மதமும் வேண்டும்.

ஐந்து வீடோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தில், மாநில ரியல் எஸ்டேட் துறை வாங்குபவர்களுக்காக வெளியிடும் விவர அறிக்கையான பப்ளிக் ரிப்போர்ட் இல்லாமல் விற்க முடியாது. அது வந்த நாளிலிருந்து 90 நாள், இப்போது குடியிருப்பவருக்குத்தான் வாங்கும் முதல் உரிமை, அதுவும் வெளியாருக்குச் சொல்லும் அதே விலையிலோ அதைவிடச் சாதகமாகவோ. வாங்க முடியாதவரைக் காலி செய்யச் சொல்ல 180 நாள் நோட்டீஸ் வேண்டும்.

மேப், எது தனி வீடு எது பொது இடம் என்று காட்டும் காண்டோ பிளான், சங்க விதிகள் மூன்றும் கவுன்ட்டி ரெக்கார்டரிடம், அதாவது மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகத்தில், பதிவான பிறகும் வேலை பாக்கி இருக்கிறது: முதல் வீட்டின் பத்திரம் வாங்குபவர் பெயருக்கு மாறும்போதுதான் கட்டடம் சட்டப்படி காண்டோ ஆகிறது.