தென்னாப்பிரிக்காவில் கிளைடர் பழகுவது: செலவையும் விதிகளையும் எந்த வரிசையில் எதிர்கொள்வது

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள நம்மவர்கள் பலர் கிளைடர் (இயந்திரமின்றிக் காற்றில் மிதந்து பறக்கும் விமானம்) ஓட்டுவதைச் செல்வந்தர்களின் பொழுதுபோக்காகவே எண்ணுகிறார்கள். இயந்திர விமானம் பழகுவதோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு மருத்துவச் சான்றிதழிலோ வார இறுதி நேரத்திலோ சிக்கி நின்றுவிடுவோர் உண்டு. ஆகவே வரிசையைச் சொல்கிறேன்.

முதற்படி: பணம் கட்டாமல் ஒரு நாள் பார்ப்பது

கிளைடர் கிளப் உள்ள இடத்துக்கு முதலில் பார்வையாளராகப் போங்கள். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டினால் ஹோவிக் வரும். ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருப்பவர்களுக்கு மகாலீஸ்பர்க் அருகே ஓரியண்ட் பறப்புத்தளம், கேப் டவுன்காரர்களுக்கு வூஸ்டர். பறத்தல் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கும், அதுவும் வானிலையைப் பொறுத்தது என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். பயிற்றுநருடன் ஓர் அறிமுகப் பறப்பு போதும். அன்றைக்கே உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

இரண்டாம் படி: மருத்துவச் சான்றிதழ்

நம் சமூகத்தினர் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மிகுதி என்பது நாம் அறிந்ததே. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் நியமித்த மருத்துவர்தான் தகுதியைச் சோதிக்க முடியும். குடும்ப மருத்துவரின் கடிதம் அதற்கு ஈடாகாது. மாத்திரை சாப்பிடுபவர் என்பதாலேயே யாரையும் ஒதுக்கிவிடுவதில்லை, ஆனால் கூடுதல் அறிக்கைகள் கேட்கப்படலாம். அதற்கு நாளும் பணமும் ஆகும். இன்சுலின் எடுப்பவர்கள் கிளப்பில் ஒரு ராண்ட் செலுத்துவதற்கு முன்பே இந்த மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நோயை மறைத்துச் சான்றிதழ் வாங்குவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இழப்பீடு தர மறுக்கக்கூடும். கண்ணாடி அணிவது தடை அல்ல.

மூன்றாம் படி: விதிகளைப் புரிந்துகொள்வது

கிளைடர் உரிமத்துக்கான விதிகள் சிவில் விமான ஒழுங்குமுறைகளின் 68-ஆம் பகுதியில் உள்ளன. தென்னாப்பிரிக்க சோரிங் (கிளைடர் பறப்பு) சங்கம் இந்த விளையாட்டுக்கான தேசிய அமைப்பு. அது வான் விளையாட்டுகளுக்கான பொது அமைப்பான தென்னாப்பிரிக்க ஏரோ கிளப்பின் ஓர் அங்கம். சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட அடிப்படைத் தகுதி இதுதான்: வயது 16, குறைந்தது 6 மணி நேரப் பறப்பு, அதில் 2 மணி நேரம் தனியாக, 20 முறை மேலேறி இறங்கியிருக்க வேண்டும். இந்த எண்களைப் பார்த்து இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். எல்லோரும் குறைந்தபட்ச அளவிலேயே தேறிவிடுவதில்லை. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. வானொலியில் பேசுவதற்குத் தனித் தகுதி வேண்டும், அந்தப் பேச்சு ஆங்கிலத்தில்தான். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவைப்படும்.

நான்காம் படி: செலவுக் கணக்கு

கிளப்பிடம் “மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால் தெளிவான விடை கிடைக்காது, ஏனெனில் நீங்கள் எவ்வளவு பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே தொகை அமையும். அதற்குப் பதிலாக நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, ஒருமுறை மேலேற்றும் கட்டணம், கிளைடருக்கான மணிக் கட்டணம். சங்கத்தின் ஆண்டுக் கட்டணமும் காப்பீடும் சந்தாவில் அடங்குமா என்பதையும் விடாமல் கேளுங்கள்.

மேலேற்றும் முறையைப் பொறுத்துக் கணக்கு பெரிதும் மாறும். வின்ச் என்பது தரையில் நின்று கம்பியைச் சுருட்டி இழுக்கும் இயந்திரம். கட்டணம் குறைவு, ஆனால் சில நூறு மீட்டர் உயரமே கிடைப்பதால் கிளைடரை மேலே தூக்கும் வெப்பக் காற்று எழாத நாளில் சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிடுவீர்கள். இழுவிமானம், அதாவது கிளைடரைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும் இயந்திர விமானம், 600 மீட்டருக்கோ அதற்கு மேலோ கொண்டுபோகும், ஆனால் அதன் எரிபொருள் செலவு முழுதும் உங்கள் தலையில் விழும். தொடக்கத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது தரையிறங்கும் பழக்கம். அதே பணத்துக்கு வின்ச்சில் அதிக முறை இறங்கலாம் என்பதால், இரண்டும் உள்ள கிளப்பில் முதலில் வின்ச்சையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ராண்டின் மதிப்பு சரியும்போதெல்லாம் கட்டணம் ஏறும் என்பதையும் எதிர்பாருங்கள்: பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் ஏ.எஸ்.கே. 21 போன்ற கிளைடர்கள் ஜெர்மனியில் தயாரானவை, உதிரிப் பாகங்களுக்கும் யூரோவில்தான் விலை.

ஐந்தாம் படி: நேரம்

கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் உறுப்பினர்களின் உழைப்பு. பெரும்பாலான கிளப்புகளில் பயிற்றுநர்கள் ஊதியம் பெறுவதில்லை. கிளைடரைத் தள்ளுவது, கம்பியை இழுத்து வருவது, நேரத்தைக் குறிப்பது எல்லாம் உறுப்பினர் வேலை. அரை மணி நேரம் பறப்பதற்கு ஒரு நாள் முழுதும் போகும். வார இறுதியில் கோயில் திருவிழா, திருமணம் என்று கடமைகள் நிறைந்த நம் குடும்பங்களில், பணத்தைவிட இதுவே பெரிய தடை என்று உறுதியாகச் சொல்வேன். மாதத்துக்கு இரண்டு நாட்களாவது ஒதுக்க முடியுமா என்று வீட்டாருடன் முன்னதாகவே பேசி முடிவு செய்யுங்கள். இடைவெளி நீண்டால் கற்றது மறந்து, ஏற்கனவே கட்டணம் செலுத்திய பாடத்துக்கே மீண்டும் செலுத்த நேரும்.

ஆறாம் படி: உரிமம் கிடைத்த பிறகு

உடனே கிளைடர் வாங்க வேண்டாம். கிளப் கிளைடரிலேயே சில பருவங்கள் பறந்தபின், மூன்று நான்கு பேர் சேர்ந்து பழைய ஒற்றை இருக்கைக் கிளைடரை வாங்குவது நடைமுறையில் உள்ள வழி. ஆண்டுப் பரிசோதனை, காப்பீடு, கொட்டகை வாடகை ஆகியவை பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவுகள் என்பதால், அவற்றை யார் எவ்வளவு ஏற்பது, ஒருவர் சேதப்படுத்தினால் காப்பீடு தராத பகுதியை யார் கட்டுவது, ஒருவர் விலகினால் அவருடைய பங்கை எந்த விலைக்கு எடுத்துக்கொள்வது என்பவற்றைப் பணம் கைமாறும் முன்பே எழுத்தில் வையுங்கள்.