சிம் லிம் போறதுக்கு முன்னாடி இத பாத்துட்டு போங்க

கேமிங் பிசிக்கு ப்ராசஸர் வாங்க சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் எலக்ட்ரானிக்ஸ் மாலுக்கு கெளம்புறவங்க மொதல்ல உங்க மானிட்டர பாருங்க. 4கே-ல (ரொம்ப துல்லியமான ஸ்கிரீன்) ஆடுனா பாரம் பூரா கிராபிக்ஸ் கார்டு மேலதான் விழும், அங்க ஏஎம்டி-யோட ரைசன் 5 7600 ப்ராசஸருக்கும் அதவிட வெல கூடுன ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கும் பெருசா வித்தியாசம் தெரியாது, மிச்சமாகுற காச கார்டுல போடுங்க. 1080பி (4கே-வ விட கம்மி துல்லியம்), 240 ஹெர்ட்ஸ்ல (செகண்டுக்கு 240 தடவ படம் மாறுற ஸ்கிரீன்) ஆடுறவங்களுக்குத்தான் 7800எக்ஸ்3டி-ல இருக்கற 96 எம்பி கேஷ் மெமரி, அதாவது ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி (7600-ல 32தான்) நெஜமாவே ஒதவும்.

சந்தேகமா இருந்தா இப்ப இருக்கற பிசியிலயே விசின்க் (ஸ்கிரீன் வேகத்துக்கு மேல போகாம கேம கட்டிவைக்கிற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு கேம் ஓடும்போது ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டு, யூசேஜ் பாருங்க, 97, 98 சதவீதம்னு நின்னா ப்ராசஸர மாத்தி பிரயோஜனமே இல்ல, 60-லயே கெடந்து எஃப்பிஎஸ்ஸும் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்) ஏறலன்னா மாத்தலாம். அப்புறம், 7600 பாக்ஸ்லயே கூலர் வந்துரும், 7800எக்ஸ்3டி-ல வராது, அந்தக் காசையும் சேத்து கணக்கு போடுங்க.