சாத்துக்குடி ஜெல்லி: கடல்பாசியில், வீட்டிலேயே

வெயில் காலத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயசம்கூட கனமாகத் தோன்றும். அந்த நேரத்துக்கென்றே எங்கள் வீட்டில் செய்வது இந்த சாத்துக்குடி ஜெல்லி. இதில் முக்கியமானது ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாறு அடுப்பில் ஏறவே கூடாது. கொதித்தால் பழத்தின் வாசனை போய்விடும், அதோடு புளிப்பில் கொதிக்கிற பாசி சரியாக உறையவும் உறையாது.

ஜெலட்டினிலும் செய்யலாம். நாக்கில் பட்டதும் கரைகிற மென்மை அதில்தான் வரும். ஆனால் அது மாடு, பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது, எல்லோரும் சாப்பிட மாட்டார்கள். உடம்புச் சூட்டுக்கே உருகிவிடுகிற பொருள் வேறு, மே மாத மதியத்தில் தட்டில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் தண்ணீராகிவிடும். கடல்பாசி அப்படியில்லை, உறைந்த பிறகு 80 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் திரும்ப உருகும். நோன்பு திறக்க கடல்பாசி காய்ச்சுகிற வீடுகளுக்கு இதெல்லாம் பழகிய விஷயம். ராமேசுவரம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் என்கிற இந்தச் சமையல் கடல்பாசி கிடைக்கிறது; அவர்கள் உழைப்பை நினைத்தால் ஒரு இழைகூட வீணாக்க மனசு வராது. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேளுங்கள், வெள்ளை இழைகளாக 10 கிராம் பாக்கெட்டில் தருவார்கள்.

நாலைந்து பேருக்கு 5 கிராம் பாசி, அதாவது பாதி பாக்கெட், 300 மில்லி தண்ணீர், 5 மேசைக்கரண்டி சர்க்கரை, 300 மில்லி சாறு, அரை எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு, நடுவில் வைக்கக் கொஞ்சம் கமலா ஆரஞ்சுச் சுளைகள். சாறுக்கு 5 சாத்துக்குடி வாங்கிக்கொள்ளுங்கள், பழம் சின்னதாக இருந்தால் ஒன்று கூடுதலாக. பழம் ஃபிரிட்ஜில் இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். முதல் தடவை நான் ஜில்லென்ற சாறை அப்படியே ஊற்றிவிட்டேன், சூடாக இருந்த பாசி சாறு பட்ட இடத்திலேயே உறைந்து ஜவ்வரிசி மாதிரி கட்டி கட்டியாகிவிட்டது.

சரி, ஆரம்பிக்கலாம். பாசியைக் கத்தரியால் சின்னதாக வெட்டி அந்த 300 மில்லி தண்ணீரில் 20 நிமிடம் ஊற வையுங்கள், அப்புறம் அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் கரைந்துவிடும். கரண்டியைத் தூக்கிப் பாருங்கள், கண்ணாடித் துணுக்கு மாதிரி இழை எதுவும் ஒட்டியிருந்தால் இன்னும் வேக வேண்டும். முழுவதும் கரைந்த பிறகுதான் சர்க்கரையும் உப்பும். சர்க்கரை கரைந்ததும் இறக்கி வடிகட்டி ஐந்து நிமிடம் வையுங்கள், அதற்கு மேல் விட்டால் பாத்திரத்திலேயே உறைய ஆரம்பித்துவிடும்.

இந்த ஐந்து நிமிடத்தில்தான் சாறு பிழிய வேண்டும், முன்கூட்டியே பிழிந்து வைத்தால் சாத்துக்குடி கசந்துவிடும். மிக்ஸி வேண்டாம், கொட்டை அரைபட்டால் அந்தக் கசப்பை எத்தனை சர்க்கரை போட்டாலும் மறைக்க முடியாது. கையால் பிழிந்து வடிகட்டி, எலுமிச்சையும் சேர்த்து, வெதுவெதுப்பான பாசித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். ஒரு ஸ்பூன் எடுத்து எவர்சில்வர் தட்டில் விட்டு இரண்டு நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். தட்டை ஆட்டினால் நடுங்க வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. ஓடினால் இன்னும் ஒரு கிராம் பாசியைக் கொஞ்சம் தண்ணீரில் தனியாகக் காய்ச்சிச் சேருங்கள், கலவையைத் திரும்ப அடுப்பில் வைக்காதீர்கள்.

கிண்ணங்களில் பாதி ஊற்றி, மேலே லேசாக ஆடை மாதிரி பிடித்ததும் தோல் உரித்த கமலா ஆரஞ்சுச் சுளைகளை வைத்து, மீதியை ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சுளை இடம் மாறிவிடும். அந்த மீதிக் கலவை உறையாமல் இருக்க, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்திருங்கள். வெளியே வைத்தாலே முக்கால் மணி நேரத்தில் உறைந்துவிடும், ஆனால் ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் இருந்தால்தான் ருசி. இரண்டு நாளைக்கு மேல் வைத்தால் ஓரத்தில் தண்ணீர் விடும், செய்த அன்றோ மறுநாளோ சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.