எழும் நிலவு ஏன் பெரிதாகத் தெரிகிறது: நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

போயா (பௌர்ணமி) தினத்தன்று மாலை கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மொட்டைமாடியில் நின்று கிழக்கே பார்த்தால், கூரைகளுக்கு மேலாக எழும் நிலவு தாம்பாளம் போலத் தெரியும். நள்ளிரவில் அதே நிலவு உச்சியில் நாணயமளவாகச் சுருங்கிவிடும். காற்று பூதக்கண்ணாடி போலப் பெருப்பிக்கிறது என்பதே பலரும் கூறும் காரணம். இந்தக் கேள்வியை வானியல், பௌதிகவியல், உளவியல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே பிரித்துக் கொடுத்தால், அந்தக் காரணம் எங்கே இடறுகிறது என்பது புலப்படும்.

முதலில் அளவிடுங்கள். தடித்த காகிதமொன்றில் பஞ்ச்சினால் துளையிட்டு, அதில் 65 சென்ரிமீற்றர் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் பிடித்துக்கொண்டு, நூல் விறைப்பாக இருக்கும்படி கையை நீட்டுங்கள். ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள அத்துளை அந்தத் தொலைவில் அரைப் பாகைக் கோணத்தை அடைக்கும். நிலவின் கோண அளவும் அதுவே என்பதால், ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது நிலவு துளைக்குள் அச்சொட்டாக அடங்கும். நள்ளிரவில் பாய் விரித்து மல்லாந்து படுத்தபடி மீண்டும் பாருங்கள். துளை அப்படியே பொருந்தும். கண்டிப்பாகக் கணக்கிட்டால், அடிவானத்து நிலவு உச்சி நிலவைவிட ஏறத்தாழ 6,400 கிலோமீற்றர், அதாவது பூமியின் ஓர் ஆரையளவு, அதிக தொலைவில் இருப்பதால் ஏறத்தாழ 1.7 சதவீதம் சிறியதாகவே இருக்கவேண்டும்.

பௌதிகவியலுக்குக் கடல் வேண்டும். போயா தினத்தின் விடியற்காலையில் ரயில் பாதையைக் கடந்து கரைக்குச் சென்றால், நிலவு மேற்கே இறங்குவதைக் காணலாம். (வெசாக் நிலவை நம்பவேண்டாம், மே மாத மேகம் பெரும்பாலும் கெடுத்துவிடும். ஜனவரி, பெப்ரவரி நல்லவை.) ஒளி முறிவு, அதாவது காற்றினூடாக வரும் ஒளி வளைவது, நிலவின் கீழ்விளிம்பை மேல்விளிம்பைவிட அதிகமாக உயர்த்துவதால், கடலைத் தொடும் நிலவின் உயரம் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்து, அகலம் மாறாமல் தட்டையாகத் தெரியும். ஆகவே காற்று நிலவை நசுக்குகிறதே தவிரப் பெருப்பிப்பதில்லை. செம்மஞ்சள் நிறமும் காற்றின் வேலையே: உச்சியைவிட ஏறத்தாழ 40 மடங்கு காற்றைக் கடந்து வரும் ஒளியில் நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது.

எஞ்சுவது பார்ப்பவரின் மூளை. கூரைகள் மறையும்படி காகிதக் குழலூடாக எழும் நிலவைப் பாருங்கள். பலருக்கு அது உடனே சிறுத்துவிடும். உளவியலாளர்களான காஃப்மன், ரொக் ஆகிய இருவரும் 1962இல் வெளியிட்ட ஆய்வு, நிலப்பரப்பு தெரிவதனால் மூளை அடிவானத்தைத் தொலைவானதாகக் கொண்டு நிலவைப் பெரிதாக மதிப்பிடுகிறது என்றது. ஆனால் மக்களைக் கேட்டால் பெரிய நிலவு அருகில் இருப்பதாகவே சொல்வார்கள். இம்முரண்பாட்டால் அந்த விளக்கம் இன்றும் விவாதத்துக்குரியது.

வீட்டாரிடம் இதைச் சோதிக்கும்போது "பெரிதாகத் தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள், அக்கேள்வியே விடையை ஊட்டிவிடும். வெவ்வேறு அளவில் வெட்டிய காகித வட்டங்களைக் கையில் கொடுத்து, நிலவுக்கு ஒத்ததை எடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் எடுத்ததை மற்றவர் பார்க்கக் கூடாது.